ரீஃபண்டில் பத்து சதவீதம் கேட்கும் ஆடிட்டர்: கொடுக்க வேண்டுமா?

கேள்வி: ஓசூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தொழில் வரி போக வருடச் சம்பளம் 9,60,000 ரூபாய். வீட்டுக் கடனுக்கு வட்டி மட்டும் வருடம் 1,80,000 போகிறது. பிஎஃப், எல்ஐசி, கடனின் அசல் எல்லாம் சேர்த்தால் 1,50,000 தாண்டிவிடும். அதனால் கம்பெனியில் பழைய வரி முறையே போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். 2024-25-இல் 29,640 ரூபாய் டிடிஎஸ் பிடித்தார்கள். எங்கள் ஹெச்ஆர் அறிமுகப்படுத்திய ஆடிட்டர் ஒருவர்தான் சில வருடங்களாக ரிட்டர்ன் போட்டுத் தருகிறார். 500 ரூபாய் வாங்குவார். இந்த முறை பிடித்த பணம் முழுவதும் கொஞ்சம் வட்டியோடு ரீஃபண்டாக வந்துவிட்டது. மறுநாளே போன் செய்து, "வழக்கமான 500, அதோடு ரீஃபண்டில் பத்து பர்சன்ட், 2,964 ரூபாய் ஜிபேயில் போட்டுவிடுங்கள்" என்கிறார். வீட்டு புரோக்கர் கமிஷன் மாதிரிதான் இதுவும் என்கிறார். கொடுக்காவிட்டால் ரிட்டர்ன் காப்பி தர மாட்டாராம், கணக்கையே கேன்சல் செய்துவிடுவாராம். என் மைத்துனரோ, சட்டப்படி 250 ரூபாய்க்கு மேல் யாரும் வாங்கக் கூடாது என்கிறார். எவ்வளவு கொடுப்பது நியாயம்? எங்கள் டிபார்ட்மென்டில் பாதிப் பேருக்கு இவர்தான் பார்க்கிறார்.

— ஓசூர் வாசகர்

பதில்: நீங்கள் கேட்டது கட்டணத்தைப் பற்றி. ஆனால் கடிதத்தில் சம்பளம், வட்டி, சேமிப்பு என்று எல்லா எண்ணையும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் கை தானாகவே கால்குலேட்டருக்குப் போய்விட்டது. அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2,964 ரூபாய் அப்புறம்.

9,60,000-இல் நிலையான கழிவு 50,000 போனால் 9,10,000. வீட்டுக் கடன் வட்டி 1,80,000-ஐக் கழித்தால் 7,30,000. பிஎஃப், எல்ஐசி, கடன் அசல் எல்லாம் அடங்கும் 80சி பிரிவில் உச்சவரம்பு 1,50,000-ஐயும் கழித்தால் 5,80,000. பழைய முறையில் முதல் 2,50,000-க்கு வரி இல்லை. அடுத்த 2,50,000-க்கு 5 சதவீதம், அதாவது 12,500. மீதி 80,000-க்கு 20 சதவீதம், 16,000. ஆக 28,500. அதன்மேல் 4 சதவீத செஸ் 1,140 சேர்த்தால் 29,640.

உங்கள் கம்பெனி பிடித்ததும் அதே 29,640-தான். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியென்றால் உங்களுக்கு ரீஃபண்டே வந்திருக்கக் கூடாது.

ஆனால் முழுப் பணமும் வந்திருக்கிறது. இது எப்படி நடக்கும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 5,00,000-ஐத் தாண்டாவிட்டால் 87ஏ பிரிவின்படி வரியே கிடையாது. உங்களுடையது 5,80,000. அதில் 80,000-ஐ எப்படியாவது குறைத்துவிட்டால் வரி 29,640-இலிருந்து நேரே பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கம்பெனியிடம் காட்டாத ஒரு கழிவு, குறைந்தது 80,000 ரூபாய்க்கு, உங்கள் ரிட்டர்னில் ஏறியிருக்கிறது.

அது உண்மையான கழிவாகவும் இருக்கலாம். உங்களுக்கும் வயதான பெற்றோருக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டியிருந்து, என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் 50,000 போட்டிருந்து, அவற்றைக் கம்பெனியிடம் சொல்ல மறந்திருந்தால் ரீஃபண்ட் நியாயமானதே. ஆனால் வட்டியையும் பிஎஃப்பையும் எல்ஐசியையும் ஞாபகமாக எழுதிய நீங்கள் இவற்றை மட்டும் விட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொண்டு நீங்களே உள்ளே போங்கள். பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது என்றால் ஆதார் ஓடிபி வைத்துப் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் என்ற பகுதியில் 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான (2024-25 வருமானத்துக்கு அதுதான்) முழுப் படிவத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டு ஒரு பக்கம்தான் இருக்கும், அது போதாது. முழுப் படிவத்தில், எந்தப் பிரிவில் எவ்வளவு கழிவு என்று காட்டும் ஆறு-ஏ அட்டவணை என்று ஒன்று வரும். 80சி, 80டி, 80ஜி, 80ஜிஜிசி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

என் சந்தேகம் 80ஜிஜிசி மீது. அரசியல் கட்சிகளுக்குக் கொடுத்த நன்கொடைக்கான பிரிவு அது. உச்சவரம்பு இல்லை, கொடுத்தது முழுவதும் கழியும் என்பதால் கைவரிசை காட்டுகிறவர்களுக்குப் பிடித்தமான இடம். ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. அதனால் படிவத்தில் கொடுத்த தேதி, தொகை, பணப் பரிமாற்ற எண், வங்கியின் ஐஎஃப்எஸ்சி எல்லாம் கேட்கிறார்கள். நீங்கள் எந்தக் கட்சிக்கும் பணம் அனுப்பாமலேயே அங்கே 80,000 என்று இருந்தால், பக்கத்தில் ஒரு பரிமாற்ற எண்ணும் இருக்கும். அந்த எண்ணை உங்கள் பாஸ்புக்கில் தேடிப் பாருங்கள்.

இதெல்லாம் நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் இருந்தது. கமிஷன் வாங்கிக்கொண்டு பொய்க் கழிவுகளைப் போட்டு ரீஃபண்ட் வாங்கித் தரும் ஆட்கள் மீதுதான் நடவடிக்கை. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைத் தொடங்கி, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிடுகிறார்கள், துறை அனுப்பும் நோட்டீஸ் யார் கண்ணிலும் படாமலே கிடக்கிறது என்று அரசின் அறிவிப்பே சொன்னது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றார்கள் என்றும் அதில் இருந்தது. ஆகவே உள்ளே போனதும் உங்கள் புரொஃபைலில் இருக்கும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். வேறு யாருடையதாவது இருந்தால் மாற்றிவிடுங்கள்.

சரி, இப்போது கட்டணத்துக்கு வருவோம்.

உங்கள் மைத்துனர் சொன்ன 250 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2006-இல் மத்திய அரசு வரி ரிட்டர்ன் தயாரிப்பாளர் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து டிஆர்பி என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவர்கள் வாடிக்கையாளரிடம் வாங்கக்கூடிய உச்சபட்சம் 250 ரூபாய் என்று அந்தத் திட்டத்தில் வைத்திருந்தார்கள். அது அந்தச் சான்றிதழ் வாங்கியவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். ஊரில் ரிட்டர்ன் போடும் எல்லோருக்கும் பொதுவான உச்சவரம்பு எதுவும் வருமான வரிச் சட்டத்தில் இல்லை. ஒருவர் 500 வாங்கலாம், இன்னொருவர் 5,000 வாங்கலாம். இரண்டும் சட்டப்படி சரிதான்.

அந்தத் திட்டத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. டிஆர்பிக்கு அரசே ஊக்கத்தொகை கொடுத்தது, அதுவும் சதவீதக் கணக்கில்தான். புதிதாக ஒருவரைக் கணக்குப் போட வைத்தால், அவர் கட்டிய வரியில் முதல் வருடம் 3 சதவீதம், அடுத்த வருடம் 2, மூன்றாம் வருடம் 1. கவனியுங்கள், கட்டிய வரியில் சதவீதம். திரும்ப வாங்கிய பணத்தில் அல்ல. வரி சரியாகக் கட்டப்பட்டால் தயாரிப்பவருக்கு லாபம் என்று அரசு கணக்குப் போட்டது. உங்கள் ஆள் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டார். வரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அவருக்கு வருமானம்.

அடுத்து, நீங்கள் ஆடிட்டர் என்று எழுதியிருப்பவர் உண்மையில் பட்டயக் கணக்காளர் (சிஏ) தானா? இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும், ஏனென்றால் விதி ஆளுக்கு ஆள் மாறுகிறது. இந்தியாவில் அடுத்தவருக்காக ரிட்டர்ன் படிவத்தை நிரப்பிக் கொடுக்க லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. பட்டயக் கணக்காளர், வழக்கறிஞர், வருமான வரி பிராக்டிஷனர், பி.காம் முடித்துவிட்டுப் பகுதி நேரமாகச் செய்பவர், பிரவுசிங் சென்டர்காரர் என்று பலரும் செய்கிறார்கள். அதிகாரி முன்னால் உங்கள் சார்பில் ஆஜராவதற்குத்தான் சட்டம் தகுதி கேட்கிறது.

பட்டயக் கணக்காளர் என்றால் ஆறு இலக்க உறுப்பினர் எண் இருக்கும். அதைக் கேளுங்கள். பட்டயக் கணக்காளர்களான எங்களுடைய இன்ஸ்டிடியூட்டின் (ஐசிஏஐ) இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் வரும். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

அவர் பட்டயக் கணக்காளராக இருந்தால் விஷயம் எளிது. 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணையில் பத்தாவது கூறு இதைத் தெளிவாகச் சொல்கிறது. லாபத்தில் சதவீதமாகவோ, வேலையின் முடிவைப் பொறுத்தோ கட்டணம் வாங்குவதும், வாங்க முன்வருவதும் தொழில் ஒழுக்கக்கேடு. ரீஃபண்ட் வந்தால் இவ்வளவு என்பது முடிவைப் பொறுத்த கட்டணம். அந்த ரீஃபண்ட் நேர்மையாக வந்ததா, பொய்யாக வந்ததா என்ற கேள்வியே இங்கு இல்லை, இரண்டிலும் தவறுதான். விதிவிலக்குகள் சில உண்டு. கூட்டுறவுச் சங்கத் தணிக்கை, வரிக்காகச் சொத்தை மதிப்பிடுவது, கடன் வசூல் போன்றவற்றில் சதவீதக் கட்டணம் அனுமதிக்கப்படுகிறது. "எங்களுக்கு பர்சன்டேஜ் அலவ்டு சார்" என்று யாராவது சொன்னால் இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துத்தான் சொல்வார். சம்பளக்காரரின் ரிட்டர்ன் அதில் இல்லை.

அதே அட்டவணையில் இரண்டாவது கூறும் உங்கள் கதைக்குப் பொருந்தலாம். ஆள் பிடித்துக் கொடுத்ததற்காக வெளியாருக்குக் கமிஷன் கொடுப்பதும் எங்களுக்குத் தடை. உங்கள் ஹெச்ஆர் நல்லெண்ணத்தில்தான் அறிமுகப்படுத்தினார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று அவருக்கும் ஏதாவது போகிறதா என்று விசாரித்தால் தப்பில்லை.

வழக்கறிஞர்களுக்கும் இதே மாதிரி உண்டு. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது.

இரண்டுமில்லாத வெறும் கன்சல்டன்ட் என்றால் அவரைக் கட்டுப்படுத்த அமைப்பு எதுவும் இல்லை. அவர் சதவீதம் கேட்பது மட்டுமே சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே நீங்களாகத்தான் யோசித்துக்கொள்ள வேண்டும். ரீஃபண்ட் என்பது அவர் சம்பாதித்துக் கொடுத்த பணம் இல்லை. உங்கள் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்துவைத்ததை அரசு திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். தாமதமானால் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டியும் அரசே சேர்த்துத் தருகிறது. வீட்டு புரோக்கராவது உங்களிடம் இல்லாத ஒரு வீட்டைத் தேடிக் காட்டுகிறார். இவர் உங்கள் பணத்தை உங்களுக்கே காட்டிப் பங்கு கேட்கிறார்.

வேலையின் அளவுக்கும் ரீஃபண்டுக்கும் சம்பந்தமும் கிடையாது. ஓய்வுபெற்ற ஒருவருக்கு வைப்புத்தொகை வட்டியில் வங்கி ஒரு லட்சம் டிடிஎஸ் பிடித்திருக்கும், கட்ட வேண்டிய வரியே இருக்காது. முழுவதும் ரீஃபண்ட். அதைப் போட்டு முடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. பங்குச்சந்தையில் எஃப் அண்ட் ஓ (முன்பேர வணிகம்) செய்கிற இளைஞர் ஒருவர் வருவார், ரீஃபண்ட் ஒன்றும் இருக்காது, ஆனால் புரோக்கர் ஸ்டேட்மென்டைப் பிரித்து, வியாபார வருமானமாக்கி, நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோய் முடிப்பதற்குள் இரண்டு நாள் போய்விடும். சதவீதக் கணக்கில் முதலாமவர் 10,000 கொடுப்பார், இரண்டாமவர் ஒன்றும் கொடுக்க மாட்டார். அந்தப் பெரியவர் எதற்காக அவ்வளவு கொடுக்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருக்கிறது. ரீஃபண்டில் பங்கு வாங்குகிறவருக்கு அதைப் பெரிதாக்குவதில் ஆசை வருவது இயல்பு. ஆனால் ரிட்டர்னில் 'இதில் உள்ளதெல்லாம் உண்மை' என்று உறுதிமொழி கொடுத்தது நீங்கள். ஆதார் ஓடிபி வந்தது உங்கள் போனுக்கு. தணிக்கை அறிக்கையிலோ சான்றிதழிலோ தவறான தகவல் கொடுத்தால் கணக்காளருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட 271ஜே என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அது அறிக்கைக்கும் சான்றிதழுக்கும்தான், சாதாரண ரிட்டர்னில் அவர் கையெழுத்தே கிடையாதே. பொய்க் கணக்குக்கு உடந்தையாக இருப்பவர் மீது வழக்குப் போட 278-ஆவது பிரிவு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நோட்டீஸ் முதலில் வருவது பான் அட்டைக்காரருக்கு.

அப்படியானால் நியாயமான கட்டணம் எவ்வளவு என்று கேட்பீர்கள். நான் வாங்குவதை இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும், அதுவும் எங்களுக்குத் தடை. எங்கள் இன்ஸ்டிடியூட் நகரங்களை இரண்டு வகையாகப் பிரித்துக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு பட்டியல் வெளியிடுவதுண்டு. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. ஒரே ஒரு படிவம் 16 (கம்பெனி தரும் டிடிஎஸ் சான்றிதழ்), ஒரு வீட்டுக் கடன், சேமிப்பு வட்டி என்று இருக்கும் உங்களைப் போன்றவருக்கு 500-லிருந்து 1,500 வரை என்பது நம் பக்கத்துச் சிறு நகரங்களில் பார்க்கிற தொகை. வருடத்தில் கம்பெனி மாறியிருந்தால், பங்கு அல்லது மியூச்சுவல் ஃபண்டு விற்றிருந்தால், வீடு விற்றிருந்தால், வெளிநாட்டுச் சொத்து இருந்தால் கட்டணம் பல மடங்கு ஏறுவது நியாயமே. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒரு விவரம் விட்டுப்போனாலும் பெரிய அபராதம் வரலாம். அதைப் பார்த்துப் போடுகிறவர் கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

கம்பெனி விட்டுவிட்ட ஒரு கழிவைக் கண்டுபிடித்து நிஜமாகவே பணத்தை மீட்டுக் கொடுத்திருந்தாலும் கூடுதலாக வாங்கலாம். அதை வேலை தொடங்குவதற்கு முன், ரூபாய்க் கணக்கில், இவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்த மறுநாள் போன் செய்து சொல்வது கட்டணம் இல்லை.

ஜிஎஸ்டி என்று 18 சதவீதம் சேர்த்தால் பில்லில் அவருடைய ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். சேவைத் தொழிலில் வருடம் 20 லட்சம் வரை வருமானம் உள்ளவர் தமிழ்நாட்டில் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. இன்னொன்று, தாமத ரிட்டர்னுக்கு 5,000 ரூபாய், வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய் என்பது அரசுக்குப் போகும் கட்டணம், செலானில் கட்டுவது. அதை 'ஃபைன்' என்று கையில் வாங்கிக்கொண்டு செலான் காட்டாதவர்களும் உண்டு. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. டிபார்ட்மென்டில் யாராவது கட்டியிருந்தால் செலானைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது அவருடைய மிரட்டல். ரிட்டர்ன் காப்பியை அவர் தர வேண்டிய அவசியமே இல்லை, இணையதளத்தில் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். கேன்சல் செய்வேன் என்பதும் வெற்றுப் பேச்சு. சரிபார்ப்பு முடியாத ரிட்டர்னைத்தான் கைவிட முடியும். உங்களுடையது சரிபார்க்கப்பட்டு, பரிசீலனை முடிந்து, ரீஃபண்டும் வந்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றிய பிறகு அவரால் உள்ளே போகவும் முடியாது. கோர்ட்டுக்குப் போவேன் என்றாலும் கவலைப்படாதீர்கள். சட்டவிரோதமான நோக்கத்துக்காகப் பேசிய ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. பொய்க் கழிவு போட்டதற்குக் கமிஷன் பாக்கி என்று எந்த நீதிமன்றத்திலும் போய் நிற்க மாட்டார்.

வழக்கமான 500-ஐ வேண்டுமானால் கொடுத்துவிடுங்கள், படிவத்தை நிரப்பிய வேலைக்கு. 2,964-ஐக் கொடுக்காதீர்கள். போனில் வாதாட வேண்டாம். 'எந்தெந்தப் பிரிவில் எவ்வளவு கழிவு போட்டீர்கள், அதற்கு நான் என்ன ஆவணம் கொடுத்தேன் என்று எழுதி அனுப்புங்கள்' என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி போடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது உங்களிடம் இருக்கட்டும்.

இதைவிட அவசரமானது அந்த 29,640. கழிவு பொய் என்று உறுதியானால் அந்தப் பணத்தைத் தொடாமல் வையுங்கள். 2024-25-க்கான திருத்திய ரிட்டர்னுக்குக் கெடு முடிந்துவிட்டது. மிச்சமிருக்கும் வழி ஐடிஆர்-யு என்கிற புதுப்பித்த ரிட்டர்ன். அதில் பொய்க் கழிவை எடுத்துவிட்டு, வாங்கிய ரீஃபண்டையும் வட்டியையும் திருப்பிக் கட்டி, அதன்மேல் கூடுதல் வரியும் கட்ட வேண்டும். 2027 மார்ச் 31-க்குள் போட்டால் கூடுதல் 25 சதவீதம். உங்கள் விஷயத்தில் 29,640-க்கு 7,410, மொத்தம் 37,050, வட்டி தனி. அதற்குப் பிறகு வருடத்துக்கு வருடம் 50, 60, 70 என்று ஏறிக்கொண்டே போகும். மாறாக, துறையே கண்டுபிடித்து, தெரிந்தே தவறான தகவல் கொடுத்ததாக முடிவு செய்தால் 270ஏ பிரிவில் அபராதம் வரியைப்போல் இரு மடங்கு. 59,280 அபராதம், 29,640 வரி, வட்டி. நோட்டீஸ் வந்து விசாரணை தொடங்கிவிட்டால் ஐடிஆர்-யு கதவு பெரும்பாலும் மூடிவிடும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்பில் இருக்கிறது, பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஆனால் 2024-25 கணக்குக்குப் பழைய சட்டம்தான். நான் சொன்ன எண்கள் அதற்குப் பொருந்தும்.

37,050 கட்டுவது வயிறெரியும் விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் 29,640 உங்களிடம் ஏற்கெனவே வந்த பணம். கைப்பணம் போவது 7,410-உம் சிறிது வட்டியும். முந்தைய வருடங்களின் ரிட்டர்னையும் இதேபோல் இறக்கிப் பாருங்கள். வெறும் 500 வாங்கிய வருடங்களில் அவர் ஒழுங்காகப் போட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. ஐடிஆர்-யுவைப் போட வேறு ஒருவரிடம் போங்கள். கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள். பின்னால் துறையிலிருந்து ஏதாவது கேள்வி வந்தால் பதில் எழுதுவது அந்தக் கட்டணத்துக்குள் அடங்குமா, தனியா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். தன் தட்டச்சுப் பிழையால் வந்த நோட்டீஸுக்குத் தனி ஃபீஸ் கேட்பவரிடம் போகாதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

புகார் செய்ய வேண்டுமா? அவர் பட்டயக் கணக்காளர் என்றால் இன்ஸ்டிடியூட்டின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்கு 'படிவம் 1' என்பதில் புகார் கொடுக்கலாம். சதவீதம் கேட்ட வாட்ஸாப் செய்தியோ குரல் பதிவோ இருந்தால் சான்றாக இணையுங்கள். இல்லையென்றால் துறையின் இணையதளத்திலேயே வரி ஏய்ப்புப் புகார் கொடுக்க வசதி இருக்கிறது. எதுவானாலும் முதலில் உங்கள் கணக்கைச் சரிசெய்துவிட்டுச் செய்யுங்கள். உங்கள் ரிட்டர்னே பொய்யோடு இருக்கும்போது அடுத்தவரைக் காட்டிக்கொடுக்கப் போனால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

டிபார்ட்மென்டில் மற்றவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அவரைத் திட்டிச் சொல்ல வேண்டாம், உங்கள் பேச்சு அவர் காதுக்குப் போவதற்குள் நாலு பேர் கைகலப்பாக்கிவிடுவார்கள். 'ஆறு-ஏ அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே பிரிவில், ஏறக்குறைய ஒரே மாதிரித் தொகை இருந்தால் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. அப்படி இருந்தால் ஹெச்ஆரிடம் கூட்டாகப் போங்கள். அடுத்த வருடம் யாரை வைத்துக்கொள்வது என்று அவரே யோசிக்க ஆரம்பிப்பார். உங்களைப் போல் ஒரு படிவம் 16 மட்டும் உள்ளவர்கள் நீங்களாகவே போட்டுக்கொள்ளலாம், இணையதளத்தில் பெரும்பாலான விவரம் முன்கூட்டியே நிரப்பப்பட்டே வருகிறது, கட்டணம் எதுவும் இல்லை.